பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து

போன வருஷம் மாமா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றார். பாயின்ட்ஸ்மேன். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று அந்த ஒற்றைத் தடத்திலேயே அவருடைய சர்வீஸ் பெரும்பாலும் கழிந்தது. கிராஜுவிட்டி, பிஎஃப் எல்லாம் வங்கிக்கு வந்துசேர்ந்த மூன்றாம் வாரமே வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பணம் வந்த செய்தி எப்படித்தான் தெரியுமோ. ஒருநாள் மண்டபம் போயிருந்தேன். அத்தை டீ கொண்டுவந்து வைத்தாள். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார்.

"மாப்ளே, இத கொஞ்சம் படி. பேருக்குப் பின்னாடி ஏதேதோ எழுத்தா இருக்கு. எம்.டி.ன்னு வருது. டாக்டரா அவரு?"

பெயர், எம்.காம்., எம்.டி.ஆர்.டி. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'வெல்த் அட்வைசர் - ஓய்வுக்கால ஆலோசகர்'. அட்டையின் அடியில் கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் 'ஏஆர்என்' என்று தொடங்கும் ஓர் எண். எனக்கு எம்.காம். மட்டும் தெரிந்தது. மற்றதைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தத் தேடல் ரங்கூன், சென்னை, அமெரிக்காவின் மெம்பிஸ் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது.

தேடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அம்மாச்சியிடமிருந்து தொடங்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துச் சிறு டவுனில் ஒரு ஃபைனான்ஸ் இருந்தது. பெயர் வேண்டாம். அப்போது தமிழ்நாட்டில் எந்தக் கடைத்தெருவிலும் அப்படி ஒன்று இருந்தது. நூற்றுக்கு மாசம் ரெண்டு ரூபாய் வட்டி. அம்மாச்சி இரண்டு ஆட்டையும் தோட்டையும் விற்று, சிறுவாட்டுக் காசையும் சேர்த்து முப்பதாயிரம் போட்டாள். மாசம் அறுநூறு ரூபாய் ஏழு மாசம் வந்தது. எட்டாவது மாசம் ஷட்டர் இறங்கியிருந்தது. அம்மாச்சி அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு முறை சொன்னாள்: "செவுத்துல சர்க்காரு முத்திர போட்ட காயிதத்த கண்ணாடி போட்டு மாட்டிருந்தானே தம்பி. அதப் பாத்துதான குடுத்தேன்."

பல வருஷம் கழித்துத்தான் அந்தக் காகிதம் என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்ததற்கான சான்றிதழ். 'இப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது' என்று மட்டும்தான் அது சொல்லும். 'ஊரார் பணத்தை இவர்கள் வாங்கலாம்' என்று சொல்லாது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அம்மாச்சியின் தோடு போனது. முத்திரை பொய்யில்லை. அது பதில் சொன்ன கேள்வி வேறு.

1997இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர்களும் கூட்டு நிறுவனங்களும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கித் தொழில் நடத்துவதைத் தடுத்தார்கள். நிதிக் கம்பெனி என்றால் ரிசர்வ் வங்கியில் பதிவு வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, போட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வழி செய்தது அந்தச் சட்டம். அம்மாச்சிக்கு எதுவும் வரவில்லை. அவள் புகாரே கொடுக்கவில்லை. எங்கே கொடுப்பது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

இத்தனைக்கும், பணத்தை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்ற கேள்விக்கு மிக நுணுக்கமான பதிலை வைத்திருந்த சீமை இது. 1910இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் 1985 வரை காரைக்குடியும் தேவகோட்டையும் இருந்தன. நாட்டுக்கோட்டை நகரத்தார் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று வட்டிக்கடை நடத்தியது இங்கிருந்து போய்த்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு, கொழும்பு போகிறவர்கள் மாமா பிற்காலத்தில் கொடி காட்டிய இதே தடத்தில் போட் மெயிலில் போனார்கள்.

அங்கே ஒருவன் எப்படித் தகுதி பெற்றான் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. சின்ன வயதிலேயே எண்சுவடி மனப்பாடம். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னங்களைக் காகிதம் இல்லாமல் பெருக்கத் தெரிய வேண்டும். அப்புறம் பெட்டியடிப் பையனாக ஒரு கடையில் சேர வேண்டும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்கு பழகுவது. பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகு மேலாள். மேலாளாகக் கடல் தாண்டிப் போகிறவருக்குத் தவணை வழக்கமாக மூன்று வருஷம். முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் ஐந்தொகை எடுத்துக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். வருகிறவர் முந்தையவரின் பேரேட்டை வரி வரியாகப் பார்ப்பார். இன்று ஆடிட் என்று எதைச் சொல்கிறோமோ அது அந்தக் கைமாற்றத்துக்குள்ளேயே இருந்தது.

தப்பு செய்தால்? நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். கல்யாணம் செல்ல வேண்டுமென்றால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். நாணயம் கெட்டவன் என்று பெயர் வாங்கியவனுக்குத் தொழிலில் மட்டுமில்லாமல் பந்தியிலும் பெண் எடுப்பதிலும் கேள்வி வரும். ஆச்சிமார் தங்கள் சீர்ப் பணத்தை இன்னார் கடையில் போடலாம் என்று முடிவு செய்தது இந்தக் கட்டுக்கோப்பை நம்பித்தான். வட்டி விகிதத்தைக்கூட ரங்கூனில் மாதம் ஒருமுறை கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அதற்குப் பெயர் நடப்பு வட்டி.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. கீழ் பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில், 1930இல் நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். நிலத்தை வாங்கிக் குவிக்க வேண்டும் என்று அவர்கள் போகவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் கைக்கு வந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு நம் எண்சுவடியும் ஐந்தொகையும் கோயில் மாலையும் என்ன பாதுகாப்பைக் கொடுத்தன? ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தத் தகுதியெல்லாம் பணம் போட்டவரிடம் பதில் சொல்லக் கட்டியவை. கடன் வாங்கியவனிடம் பதில் சொல்லக் கட்டியவை அல்ல. 1942இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தபோது, பணம் போட்டவர்களையும் அவற்றால் காப்பாற்ற முடியவில்லை. நிலம் அங்கே இருந்தது, பத்திரம் இங்கே இருந்தது.

ஆக, ஒரு தகுதியைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது 'இவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?' என்பதுதான் என்று குறித்துக்கொண்டேன். 'இவர் எவ்வளவு கெட்டிக்காரர்' என்பது அதற்கு அடுத்த கேள்வி.

சாதியை, கோயிலை நம்பியது அந்தக் காலம், வெள்ளைக்காரன் வந்ததும் எல்லாம் முறையாகிவிட்டது என்று நினைத்தால் 1906ஐப் பார்க்க வேண்டும். அர்பத்நாட் அண்ட் கோ சென்னையின் பெரிய வீடுகளில் ஒன்று, நூறு வருஷப் பழமை. தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். பெயருக்கு முன்னாலேயே பட்டம். அந்த 'சர்'ரைப் பார்த்து வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு பெற்றவர்களும் சேமிப்பைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். 1906 அக்டோபர் 22ஆம் தேதி அது திவாலானது. லண்டனில் அதன் கூட்டாளி மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் விட்ட பணம்தான் முக்கியக் காரணம். அவர் தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல். அந்த வழக்குகளில் பாடுபட்ட வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம் பணத்துக்கு நாமே ஒரு வங்கி வைப்போம் என்று கிளம்ப, நகரத்தார் முதல் போட, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. மாமாவின் சம்பளக் கணக்கு இருந்ததும் அந்த வங்கியில்தான். அவருக்கு இந்தக் கதை தெரியாது.

இன்ஷூரன்ஸின் கதையும் இதே போலத்தான். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் ஏஜென்ட் வேலைக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது. அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து வாடிக்கையாளருக்குப் பங்கு தரக் கூடாது என்கிறது. "முதல் பிரிமியத்த நானே கட்டிடுறேண்ணே, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று சொல்லாத ஏஜென்டை நம் ஊரில் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சலுகையைப் பெற்றுக்கொள்வதும் குற்றம்தான். எண்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பிரிவு புத்தகத்தில் இருக்கிறது.

தனியார் கம்பெனிகளின் முறைகேடுகள் பெருகி, 1956இல் 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்ஐசி ஆக்கினார்கள். இனிமேல் அரசாங்கமே பொறுப்பு, பயமில்லை என்று நினைத்தபோது, அடுத்த வருஷமே முந்த்ரா விவகாரம் வெடித்தது. ஒரு தொழிலதிபரின் நொடித்த கம்பெனிகளில் எல்ஐசி பணம் போடப்பட்டது வெளியே வந்து, 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க முடிந்தது. நீதிபதி சாக்ளா பொதுவெளியில் விசாரித்தார். அம்மாச்சியின் ஃபைனான்ஸ்காரனை அப்படி நிற்கவைத்துக் கேள்வி கேட்க யாரும் இல்லை.

ஏஜென்டுக்கு நூறு மணி நேரப் பயிற்சியும் பரீட்சையும் 2000இல்தான் விதியாக வந்தன. அந்த விதியில் ஒரு வரி எனக்கு மறக்காது. ஐயாயிரம் பேரும் அதற்கு மேலும் வாழும் ஊரில் ஏஜென்ட் ஆக ப்ளஸ் டூ தேர்ச்சி வேண்டியிருந்தது. அதற்குக் கீழ் உள்ள ஊரில் பத்தாம் வகுப்பு போதுமானதாக இருந்தது. நம் கடற்கரைக் குடியிருப்புகளில் பாதி அந்த இரண்டாவது வகைதான். விதி எழுதியவர்கள் நடைமுறையை யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள். அந்த ஊர்களில் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் அந்தப் பத்தாம் வகுப்பு ஏஜென்டும், 1972இலிருந்து வீடு வீடாகப் போய் அஞ்சலக ஆர்டி வசூலிக்கும் பெண் முகவர்களும்தான். வருஷத்தில் 61 நாள் மீன்பிடித் தடை, ஓய்வூதியம் என்ற சொல்லே கிடையாத தொழில். அங்கே சேமிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இனி மாமாவின் அட்டை.

எம்.டி.ஆர்.டி. என்பது மில்லியன் டாலர் ரவுண்ட் டேபிள். 1927இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் 32 பேர் கூடி ஆரம்பித்த சங்கம். ஆளுக்குப் பத்து லட்சம் டாலருக்காவது இன்ஷூரன்ஸ் விற்றவர்கள் அந்த 32 பேரும். இன்றைக்கும் அதில் சேர, அந்த வருஷம் இவ்வளவு பிரிமியம் அல்லது கமிஷன் வந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. உழைக்காமல் அது கிடைக்காது. ஆனால் அவர் எவ்வளவு விற்றார் என்பதைத்தான் அது சொல்கிறது. வாங்கியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது அதில் இல்லை.

ஏஆர்என் என்பது மியூச்சுவல் ஃபண்ட் விற்பவருக்கான பதிவு எண். என்ஐஎஸ்எம் நடத்தும் பரீட்சை எழுதித் தேறினால் கிடைக்கும். நியாயமான, சட்டபூர்வமான தொழில். இவருடைய வருமானம் ஃபண்ட் கம்பெனி தரும் கமிஷன். அதனால்தான் "நான் ஆலோசனைக்குக் காசே வாங்குறதில்ல சார்" என்று மாமாவிடம் சொல்ல முடிந்தது.

ஆலோசகர் என்பது வேறு ஆள். 2013 ஜனவரியில் செபி முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. பதிவு பெற்றவரின் எண் 'ஐஎன்ஏ' என்று தொடங்கும். அவர் கட்டணத்தை நம்மிடம்தான் வாங்க வேண்டும். அதே வாடிக்கையாளருக்குப் பொருளை விற்றுக் கமிஷன் எடுக்கக் கூடாது. நம் நலனை முன்வைக்கும் கடமை அவருக்குச் சட்டத்தால் வருகிறது. 2020 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: இந்தப் பதிவு இல்லாமல் ஃபண்ட் விநியோகிப்பவர் 'வெல்த் அட்வைசர்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு ஆலோசனை சொல்கிறவர்களுக்கு அதன் ஆணையம் 2016இல் தனியாக ஒரு பதிவு முறையும் வைத்தது. ஆனால், பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் நாடு முழுவதற்கும் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். எல்ஐசி முகவர்கள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். மண்டபத்து வாசலில் யார் வந்து நிற்பார் என்று இதிலிருந்தே தெரியும்.

இவை போக சிஎஃப்பி போன்ற பட்டங்கள் உண்டு. 1969 டிசம்பரில் சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 13 பேர் கூடிப் பேசியதில் தொடங்கியது. 1973இல் முதல் அணி தேறியது. கடினமான படிப்பு, நல்ல படிப்பு. ஆனாலும் அது ஒரு தனியார் அமைப்பின் முத்திரை. படித்தார் என்று சொல்லும், இந்தியாவில் ஆலோசனைத் தொழில் நடத்தும் அனுமதியைத் தராது. சில நாள் வகுப்பில் உட்கார்ந்தாலே கிடைக்கிற 'முதியோர் நிபுணர்' பட்டங்கள் அமெரிக்காவில் பெருகி, ஓய்வு பெற்றவர்களை ஏமாற்றப் பயன்பட்டதால், 2008இல் மாநிலக் கட்டுப்பாட்டாளர்களின் சங்கம் அவற்றுக்கென்றே ஒரு மாதிரி விதி எழுத வேண்டிவந்தது. அம்மாச்சியின் கண்ணாடிச் சட்டம் அங்கேயும் மாட்டியிருந்திருக்கிறது.

இதையெல்லாம் மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். சொல்லத் தொடங்கிப் பாதியில், அவரே நிறுத்தினார்.

"இரு மாப்ளே. இது எங்களுக்கும் உண்டு. திருச்சி ட்ரெயினிங் ஸ்கூல்ல படிச்சேன்னு சர்ட்டிபிகேட் குடுத்தான். அத வச்சிக்கிட்டு பாம்பன்ல பாயின்ட தொட முடியுமா? அந்த ஸ்டேஷனோட ரூல படிச்சேன், புரிஞ்சிது, நான்தான் பொறுப்புன்னு அஷ்யூரன்ஸ் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடணும். அப்புறம்தான் டூட்டி. கண்ணு டெஸ்ட்டு வருஷம் பாத்து வரும். ஃபெயிலானா சர்வீஸ் எத்தன வருஷம் இருந்தாலும் லைன விட்டு எறக்கிருவான். படிச்சது வேற, பொறுப்பு எடுத்துக்கிட்டது வேற. அதத்தான சொல்ற?"

நான் இரண்டு வாரம் படித்தது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அந்த மனிதருக்குப் போன் போட்டார். என்னை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில். "சார், மூணே கேள்வி. உங்க ஐஎன்ஏ நம்பர் என்ன? நான் இதுல பணம் போட்டா உங்களுக்கு எங்கேர்ந்து எவ்வளவு வரும்? நாளைக்கு ஏதாச்சும் ஆனா நான் எங்க போயி எழுதிக் குடுக்கணும்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவர் நேர்மையாகத்தான் பேசினார். ஐஎன்ஏ இல்லை, நான் விநியோகஸ்தர், இன்ஷூரன்ஸும் பார்க்கிறேன் சார் என்றார். அவர் கொண்டுவந்தது ஒரே தவணையில் மொத்தமாகக் கட்டும் பாலிசி, பத்து வருஷம். அதற்கான கமிஷனையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமா நன்றி சொல்லி வைத்தார். திட்டவில்லை. "பாவம், அவரு பொழப்பு அது. அட்டைல போட்டதுதான் தப்பு" என்றார்.

பணத்தில் பெரும்பகுதி தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போனது. 2023இல் அதன் உச்சவரம்பை 30 லட்சமாக உயர்த்தியிருந்தார்கள். கொஞ்சம் வங்கியில் இருக்கிறது. மீதியைப் பற்றி ஒரு பதிவு பெற்ற ஆலோசகரிடம் வீடியோ காலில் பேசினோம். செபி தளத்தில் அவர் எண்ணைப் போட்டுப் பெயர் சரியா என்று பார்த்துவிட்டுத்தான். கட்டணத்தைக் கேட்டு அத்தைக்கு மூச்சு நின்றுவிட்டது. "பேசுனதுக்கா இவ்வளவு?" அவள் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் ஆலோசனை எப்போதும் இலவசம்தான். அதற்கான காசை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள் என்று நாம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது மாமா அந்த விசிட்டிங் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தூக்கிப் போடப்போகிறார் என்று நினைத்தேன். பின்பக்கத்தில் மூன்று கேள்விகளையும் பேனாவால் எழுதி, பீரோவில் அம்மாச்சியின் பழைய டெபாசிட் ரசீது இருக்கும் டப்பாவுக்குள் வைத்தார். அந்த ரசீதை இத்தனை வருஷம் அவர் பத்திரமாக வைத்திருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.